வாட்டம் எந்தப் பக்கம்? வீட்டு மண்பாண்டப் பட்டறையைச் சீரமைப்பது பற்றி

பின்கட்டுக் கொட்டகையை மண்பாண்டப் பட்டறையாக மாற்றித் தர வேண்டும் என்று சொன்னபோது மேஸ்திரி சக்கரம் எங்கே, சூளை எங்கே என்றெல்லாம் விசாரிக்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் கொட்டகையின் நடுவில் ஊற்றினார். அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று குத்துக்காலிட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "வாட்டம் எந்தப் பக்கம் போடணும்மா?"

என் கையில் அப்போது இரண்டு சக்கரங்களின் விலையும் மூன்று மின்சூளைகளின் கொள்ளளவும் எழுதிய தாள் இருந்தது. தண்ணீர் எங்கே போனால் என்ன என்றுதான் நினைத்தேன். மண்வேலையை வீட்டுக்குள் கொண்டுவர நினைப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி அவர் கேட்டதுதான் என்பது தரையைப் போட்டு முடித்து, ஒரு மழைக்காலமும் ஒரு கத்திரியும் கடந்த பிறகு புரிந்தது. சக்கரத்தையும் சூளையையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். தரையை உடைத்துத்தான் மாற்ற வேண்டும்.

இந்த வேலைக்கு ஆந்திரத்தில் இருக்கும் எங்கள் நாயுடுபேட்டையைப் போல வாய்த்த ஊர் குறைவு. சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் புறப்பட்டுத் திருப்பதியையும் காளஹஸ்தியையும் தொட்டுவரும் சுவர்ணமுகி இந்த ஊரைக் கடந்துதான் கடலுக்குப் போகிறது. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையும் திருப்பதிச் சாலையும் சந்திக்கும் இடம் என்பதால் எந்தச் சரக்கும் வந்து சேரும். 2022 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலிருந்து பிரித்துப் புதிய திருப்பதி மாவட்டத்தோடு சேர்த்தார்கள். மாவட்டம் மாறினாலும் மண் மாறவில்லை. ஏரி வண்டலை மிதித்துப் பானை வனையும் கும்மரிகள், தமிழ்நாட்டில் வேளார், குலாலர் என்று அழைக்கப்படுபவர்கள், சுற்று வட்டாரத்தில் இருக்கிறார்கள். மாவட்டத்துக்கு மேற்கே, சித்தூரின் பலமனேர் சுடுமண் பொருள்களுக்கே பேர்போன ஊர்.

வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் கூடூர். மைக்காவுக்குப் பெயர்பெற்ற அந்தப் பகுதியில் குவார்ட்ஸ் எனும் வெள்ளைக்கல்லும் ஃபெல்ட்ஸ்பாரும் வெட்டி எடுக்கப்படுகின்றன. கடலோரத்துச் சில்லக்கூர், கோட்டா பக்கத்து வெள்ளை மணல் கண்ணாடித் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. பீங்கானுக்கு உடம்பாகச் சீனக்களிமண், எலும்பாகக் குவார்ட்ஸ், இரண்டையும் உருக்கிப் பிணைக்க ஃபெல்ட்ஸ்பார் என்று தொழிலில் சொல்வார்கள். இந்த மூன்றில் இரண்டு நமக்குப் பக்கத்து ஊர்ச் சரக்கு. பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ தரும் அரசுக் கல்வி நிறுவனமும் கூடூரிலேயே இருக்கிறது.

ஆக இந்த ஊர்க்காரருக்கு இரண்டு மண்வேலைகள் கைக்கெட்டும் தூரத்தில். ஏரி மண்ணில் செய்து 900 டிகிரிக்கு முன்பின்னாகச் சுடும் சிவப்புப் பாண்டம் ஒன்று. அரைத்த கல்மாவும் கிளேஸ் எனும் கண்ணாடிப் பூச்சும் சேர்த்து 1,200 டிகிரிக்கு மேல் சுடும் ஸ்டோன்வேர் மற்றொன்று. வீட்டுக்குள் வருவது எது என்பதைப் பொறுத்தே பட்டறையின் அமைப்பு இருக்க வேண்டும். நானும் பலரும் தவறியது இங்கேதான். இரண்டாவது வகையை எடுத்துக்கொண்டு முதல் வகைக்கான இடத்தில் உட்கார்ந்துவிட்டோம்.

கும்மரி வீட்டைக் கவனித்துப் பாருங்கள். தனியாகப் பட்டறை என்று ஓர் அறை இருக்காது. மண் குவியல் வெளியில், மிதிப்பது முற்றத்தில், சக்கரம் தாழ்வாரத்தில், தட்டுப்பலகையும் கல்லும் வைத்துப் பானையின் அடியைத் தட்டி மூடுவது திண்ணையில், சூளை ஊர் ஓரத்தில். மண் எப்போதும் ஈரம். காய்ந்து உதிரும் துகளைக் காற்று கொண்டுபோய்விடும். கிளேஸ் கிடையாது, கல்மா கிடையாது. அந்த வீடு கட்டடக்கலை படித்தவர் போட்ட திட்டமல்ல, ஆனால் தூசும் புகையும் தண்ணீரும் எங்கே போக வேண்டும் என்ற மூன்று கேள்விக்கும் அதில் விடை இருக்கிறது. நாம் செய்வது, அதே வேலையை நான்கு சுவருக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்தி மின்விசிறியைப் போடுவது.

இந்த மாற்றம் ஒரே நாளில் வந்ததல்ல. 1850-ல் மதராஸில் கலைப்பள்ளி தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர் தொழிலால் மருத்துவர். இந்த மாகாணத்துக் களிமண்களைச் சோதித்துப் பாண்டம் செய்யும் முயற்சி அந்தப் பள்ளியின் தொடக்க காலத்திலேயே உண்டு. அதன் வாரிசான சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் இன்றும் பீங்கானுக்கென ஒரு துறை இருக்கிறது. ஆனால் தனி ஒருவர் தன் பட்டறையில் ஸ்டோன்வேர் செய்யலாம் என்பதைத் தென்னிந்தியாவுக்குக் காட்டியது, 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி. அங்கே கற்றவர்களும் அவர்களிடம் கற்றவர்களுமாகப் புதுச்சேரி, ஆரோவில் பக்கம் இன்று பல பட்டறைகள்.

மீக்கர் வேறொன்றும் செய்தார். பச்சை மண்கல்லால் வளைவுக் கூரை வீடு கட்டி, அதற்குள் பாண்டங்களை அடுக்கி, வீட்டையே சூளையாக எரித்துச் சுட்டார். உள்ளே வெந்த சரக்கை விற்று விறகுச் செலவை ஈடுகட்டுவது திட்டம். வீட்டுக்குள் சூளை வைக்கலாமா என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நாளில் இதைப் படித்தேன். அவர் சூளைக்குள் வீட்டை வைத்திருந்தார்.

சரி, தூசுக்கு வருவோம். காயும் களிமண்ணிலும், அதைவிட அதிகமாகக் கிளேஸ் பொடிகளிலும், படிகச் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசு மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், தும்மினால் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத, நான்கைந்து மைக்ரானுக்குக் கீழான துகள்தான் நுரையீரலின் அடி வரை போய்த் தங்கும். அதைச் சுற்றி நுரையீரல் வடுக்கட்டிக்கொள்வதுதான் சிலிகோசிஸ். வடு ஆறாது. கல் உடைப்பவருக்கும் கல்மா ஆலைத் தொழிலாளிக்கும் வரும் அதே நோய். தொழிற்சாலைச் சட்டம் 1948-லேயே இதை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-ல் சுவாசிக்கும் படிகச் சிலிக்காவை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் வரிசையில் வைத்தது.

இங்கிலாந்தில் பீங்கான் நகரமான ஸ்டோக்-ஆன்-ட்ரென்டில் இதற்குக் குயவர் நோய் என்றே பேர். அங்கே சூளையில் பீங்கான் தட்டுகள் வளையாமல் இருக்கச் சுற்றிலும் சிக்கிமுக்கிக் கல்லின் மாவைக் கொட்டி அடுக்குவார்கள். சுட்ட பின் அதைத் தட்டித் துடைப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. எத்தனையோ பேர் மூச்சுமுட்டிச் செத்த பிறகு, 1940களின் இறுதியில் வந்த விதிகள் அந்த மாவைத் தடைசெய்தன. அலுமினா அதன் இடத்தைப் பிடித்தது. ஈயக் கிளேஸுக்கும் அதே விதிகள் கடிவாளம் போட்டன.

நம் வீட்டு அறையில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்கா 2016-ல் வகுத்த வரம்பு, எட்டு மணி நேர வேலையில் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம் சிலிக்கா. பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரமுள்ள அறையில் 28 கன மீட்டர் காற்று இருக்கும். மொத்த அறைக்கும் ஒன்றரை மில்லிகிராம்கூட வராது. தூள் உப்பில் இருபது இருபத்தைந்து பரலின் எடை. அதற்கு மேல் காற்றில் மிதந்தால் வரம்பு தாண்டிவிட்டது. அசையாத காற்றில் இரண்டு மைக்ரான் குவார்ட்ஸ் துகள் ஓர் ஆள் உயரத்திலிருந்து தரையைத் தொட ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் எடுக்கும். மின்விசிறி சுற்றினால் இறங்கவே இறங்காது.

இதை ஒரு நாள் கண்ணால் பார்த்தேன். மாலை நாலரை மணி வெயில் கொட்டகையின் இடுக்கில் ஒரு கோலாக உள்ளே விழுந்திருந்தது. வேலை முடிந்த தரையை வழக்கம்போல விளக்குமாற்றால் பெருக்கினேன். அந்த ஒளிக்கோல் பால் ஊற்றியதுபோல் வெளுத்தது. பெருக்கி முடித்துக் காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தேன், இன்னும் வெளுப்பாகவே இருந்தது. அதில் தெரிந்தது பெரிய துகள்தான். நோய் தரும் துகள் அதற்குள்ளும் தெரிந்திருக்காது. அன்றைக்கு விளக்குமாற்றை வெளியே வைத்தேன், பிறகு உள்ளே எடுத்துவரவில்லை.

மண்பட்டறையில் பெருக்கக் கூடாது, கழுவ வேண்டும் அல்லது ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கழுவ வேண்டுமானால் தரையில் வாட்டம் வேண்டும். மேஸ்திரியின் சொம்புத் தண்ணீர் அதற்குத்தான்.

பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் இறக்கம் போதும். அதைவிடக் குறைந்தால் தண்ணீர் தேங்கி மண்படலம் காய்ந்து மறுபடி தூசாகும். கூடினால் சக்கரம் ஆடும், ஒரு காலுக்குக் கட்டை வைக்க வேண்டிவரும். பளபளக்கும் விட்ரிஃபைட் டைல்ஸ் போடலாம் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். வேண்டாம். மண்குழம்பு சிந்திய டைல்ஸில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும், எண்ணெய் கொட்டியது மாதிரி வழுக்கும். சிறிய டைல்ஸில் இடுக்குகளெல்லாம் மண் தங்கும். பெயர்ந்த பழைய சிமெண்டுத் தரையும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் மலிவாகக் கிடைக்கும் கடப்பா கல்லை முழுதும் மெருகேற்றாமல், இடுக்கில்லாமல் சேர்த்துப் பதித்துக்கொண்டேன். தரையும் சுவரும் சேரும் மூலையைக் கூர்மையாக விடாமல் வளைத்துப் பூசச் சொன்னேன். மேஸ்திரி அதற்கு ஆஸ்பத்திரித் தரை என்று பேர் வைத்தார்.

அலமாரியும் கடப்பா கல்தான். வெறும் மரத் தட்டுகளை அடுக்கினால் ஒவ்வொரு தட்டும் தூசு வங்கி. மண் பிசையும் மேடைக்கு எல்லோரும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பலகை போடுகிறார்கள், ஈரத்தை உறிஞ்சும் என்று. உறிஞ்சும், சந்தேகமில்லை. ஓரம் பெயர்ந்து ஒரு சில்லு மண்ணில் கலந்தால் சுட்ட பானையில் பொட்டு வெடித்து வெளியே வரும். கித்தான் துணி விரித்தால் அது காய்ந்து உதறும் போதெல்லாம் தூசு. வழவழப்பாகத் தேய்த்த சிமெண்டுப் பலகை இரண்டுக்கும் நடுவில், அவ்வளவாக உறிஞ்சாது, ஆனால் கெடுதலும் செய்யாது.

ஏரி மண் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கடலோர வண்டலில் சுக்கான்கல் உண்டு, சில இடங்களில் கிளிஞ்சல் துணுக்கும். சுட்டதும் அது சுண்ணாம்பாகும், காற்று ஈரத்தை வாங்கி ஊதும், இரண்டு வாரம் கழித்து அலமாரியிலிருக்கும் பானை பட்டென்று வாய்பிளக்கும். சலித்தே ஆக வேண்டும். உலர்த்தி இடித்துச் சலிக்காதீர்கள். தண்ணீரில் கரைத்துக் குழம்பாகச் சல்லடையில் ஊற்றுங்கள். கிளேஸ் பொடியையும் மூட்டையிலிருந்து அள்ளித் தண்ணீரில் போடுங்கள், பொடி மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். அந்தக் கால் மணி நேரத்துக்கு என்95 முகக்கவசம் வேண்டும். கைக்குட்டை கட்டிக்கொள்வது மனசுக்கு ஆறுதல் தரும், நுரையீரலுக்கு உதவாது.

கழுவிய தண்ணீர் எங்கே போவது? நேராகச் சாக்கடையில் விட்டால் குழாய் மூன்று மாதத்தில் கல்லாகிவிடும், தெருக்கால்வாயும் அடைக்கும், பக்கத்து வீட்டாரின் நட்பும் போகும். மூன்று தொட்டி வேண்டும். முதல் தொட்டி நிரம்பி மேல்தண்ணீர் மட்டும் இரண்டாவதற்கு, அங்கிருந்து மூன்றாவதற்கு. வாளிகளை வைத்தும் செய்துகொள்ளலாம், விலை உயர்ந்த சாதனம் எதுவும் தேவையில்லை. அடியில் படிந்த மண் சிவப்பு வேலைக்கு மறுபடி உதவும். கிளேஸ் கழுவிய வண்டலை மட்டும் தனியாக வைக்க வேண்டும், அதில் கோபால்ட், தாமிரம், மாங்கனீசு இருக்கலாம். செடிக்கு ஊற்றக் கூடாது. காளஹஸ்தியில் கலம்காரித் துணியை அலச ஓடுகிற தண்ணீர் வேண்டும் என்று இதே சுவர்ணமுகியை நாடுவார்கள். ஒவ்வொரு கைத்தொழிலும் தனக்கான தண்ணீரைத் தேடிக்கொண்டுதான் இடம் பிடித்திருக்கிறது. நாம்தான் குழாயைத் திறந்து மூடுவதோடு மறந்துவிடுகிறோம்.

சூளையைப் பற்றி விளம்பரங்களில் இருக்காத கணக்கு ஒன்று. வீட்டு மின்சூளையில் சின்னது 5 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 22 ஆம்பியர் இழுக்கும். ஏசிக்குப் போட்ட 16 ஆம்பியர் பிளக்கில் செருகினால் பிளக் முதலில் வேகும், பானை அப்புறம். மீட்டரிலிருந்தே தனி ஒயர், தனி எம்சிபி, நல்ல எர்த்திங், அதற்குத் தகுந்த மின்சுமை அனுமதி எல்லாம் வேண்டும். பெரிய சூளைக்கு மூன்று பேஸ். விற்பதற்காகச் செய்தால் இணைப்பின் வகையே மாறலாம், முதலில் மின் அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

அனுமதி கிடைத்தாலும் வோல்ட்டேஜ் இருக்கிறது. சூட்டுக்கம்பியின் திறன் வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பின்தொடரும். கோடை இரவில் 230 இறங்கி 200 ஆனால் திறனில் கால் பங்கு காணாமல் போகும். 1,000 டிகிரி வரை எப்படியோ ஏறும், அதற்கு மேல் சூளை மூச்சுவாங்கிக்கொண்டு நிற்கும். விடிகாலையில் சுடத் தொடங்குபவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

இடம்? சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி, மேலே எரியக்கூடியது எதுவும் இல்லாமல். களிமண் முதல்முறை வேகும்போது அதிலிருக்கும் கரிமப்பொருளும் கந்தகமும் எரிந்து வாயு வரும், கார்பன் மோனாக்சைடும் உண்டு. படுக்கையறைக்குப் பக்கத்து அறை கூடாது. நம் ஊரில் பின்கட்டுக் கொட்டகை என்றால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான். எக்ஸாஸ்ட் ஃபேனுக்காக அதைத் துளைப்பது ஒரு தூசை வெளியேற்ற இன்னொரு தூசை வரவழைப்பது. சுவரில் ஓட்டை போடுங்கள், கூரையைத் தொடாதீர்கள்.

வானிலையையும் சேர்த்துத்தான் அறை. கத்திரி வெயிலில் குவளையின் கைப்பிடி ஒட்டிய இடத்தில் ஒரு மணி நேரத்தில் விரிசல் விடும். பிளாஸ்டிக் உறைக்குள் மெல்லக் காய வைக்க ஒரு மூடிய அலமாரி வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் எதிர்ப்பிரச்சினை, நான்கு நாளானாலும் பானை காயாது. காயாததைச் சூளையில் வைத்தால் உள்ளே நீராவியாகி வெடிக்கும். 2021 நவம்பரில் சுவர்ணமுகி பெருக்கெடுத்தது. 2023 டிசம்பர் 5-ல் மிக்ஜாம் புயல் பாபட்லா அருகே கரையைக் கடப்பதற்கு முன் இந்தப் பக்கம் கொட்டித் தீர்த்தது. களிமண் மூட்டைக்குத் தண்ணீரால் ஆபத்தில்லை. பிளாஸ்டர் மூட்டையும் சூளையின் மின்பெட்டியும் நனைந்தால் போயிற்று. பிளக்குகளை இடுப்பு உயரத்திலும் சூளையை ஓரடி மேடையிலும் வைத்தது எனக்குத் தெரிந்து செலவு குறைந்த, பலன் கூடிய வேலை.

அரசுத் திட்டங்களை ஒரு பார்வை பார்த்துவிடலாம். காதி கிராமத் தொழில் ஆணையம் 2018-ல் தொடங்கிய திட்டத்தில் குயவர்களுக்கு மின்சக்கரம் கொடுத்தது. 2023 செப்டம்பரில் வந்த பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் குயவுத் தொழிலும் ஒன்று, கருவிகளுக்கு 15,000 ரூபாய், பயிற்சி, குறைந்த வட்டிக் கடன் எல்லாம் உண்டு. நல்ல காரியங்கள். இரண்டிலும் சக்கரம் கண்ணுக்குத் தெரிகிறது, அது நிற்கும் தரை தெரியவில்லை. முற்றத்தில் வேலை செய்த கும்மரி, தெரு நெருக்கமாகி முற்றம் போன பிறகு, மின்சக்கரத்தோடு எட்டடி அறைக்குள் நுழைகிறார். அவரிடம் தூசைப் பற்றி யார் சொன்னது? தொழிற்சாலைகளுக்கான சட்டம் வீட்டுக்குள் வராது. பொழுதுபோக்குக்குச் செய்யும் என்னைப் போன்றவர்கள் வாரத்தில் ஆறு மணி நேரம் மூச்சிழுக்கும் காற்றை அவர் ஒரே நாளில் இழுக்கிறார்.

இவ்வளவையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் என் தீர்ப்பு இது. சக்கரமும் தரையும் தொட்டியும் வீட்டில் இருக்கட்டும், சூளை இருக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் மாதம் இரண்டு முறை எரியும் சூளைக்காக இத்தனை ஒயரும் அனுமதியும் ஓட்டையும் வீண். சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதமியின் மண்டல மையத்தில் கலைஞர்களுக்குப் பொதுப் பீங்கான் பட்டறை இருக்கிறது. ஊர்ச் சூளையைப் பல குடும்பம் பங்குபோட்டுக்கொண்ட பழக்கம் கும்மரிகளிடமும் உண்டு. நமக்கு அப்படியொரு பொதுச் சூளை அரை மணி நேரப் பயணத்தில் இருக்க முடியும். சூளை இல்லாமல் பீங்கான் படிப்பு நடத்த முடியாது. கூடூர்ப் பீங்கான் கல்வி நிறுவனம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை தன் சூளையைக் கட்டணத்துக்குத் திறந்துவிடட்டும், நாயுடுபேட்டை கும்மரிக்கும் என்னைப் போன்ற பின்கட்டுக்காரருக்கும் சேர்த்து. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு விதவிதமான மண்ணைச் சுட்டுப் பார்த்த அனுபவம் கிடைக்கும். நிறுவனத்தின் முதல்வருக்கு இதைத் தெலுங்கில் எழுதி அனுப்பியிருக்கிறேன். இந்தக் கட்டுரையைப் படிக்கும் மண்வேலைக்காரர்கள் நீங்களும் ஒரு கடிதம் போடுங்கள்.